கழிக்கப்படும் கணினியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 இற்குப் பொதுவாக இன்டெலின் 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். அதற்கு முந்திய கணினிகள் பழுதில்லாமலே அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன.

இதை ஒரு வாய்ப்பாகவே பார்க்கிறேன். உயர்தரம் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைக்கு அப்படிக் கழித்த 6 ஆம் தலைமுறைச் சிறு கணினியொன்றை அண்மையில் பொருத்திக் கொடுத்தேன். புத்தகமளவு பெட்டிதான். இவ்வகைப் பெட்டிக்கு லப்டொப் ரெம் பொருந்தும். பழுதான லப்டொப்பிலிருந்து கழற்றிப்போட்டு 8 ஜி.பி. ஆக்கினேன். புதிதாக வாங்கியது 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மட்டும். பழைய வன்தட்டோடு விட்டால் கணினி ஊரும். காசை இதில்தான் போடவேண்டும். இயங்குதளம் லினக்ஸ் மின்ட், இலவசம். தமிழ் யுனிகோட் தட்டச்சுக்கும் குறையில்லை.

பற்றரிக்குத் தடையிருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட சனங்களுக்கு இது பெரிய வித்தையல்ல. 2022 இல் ரூபாய் சரிந்தபின் புதுக் கணினி பல வீடுகளுக்கு எட்டாமற் போனது. பிள்ளைகள் கைபேசியோடு மாரடிக்கிறார்கள். கட்டுரை எழுதவோ நிரலாக்கம் பழகவோ அது காணாது.

டிஜிட்டல் பொருளாதாரம் பேசும் அரசாங்கம், திணைக்களங்கள் கழிக்கும் கணினிகளின் தரவுகளை அழித்துவிட்டு வன்னிப் பாடசாலைகளுக்குக் கொடுக்கலாமே. பொருத்துகிற வேலையை எங்கள் பெடியள் பார்த்துக்கொள்வார்கள்.