பழுது பெட்டியிலா, மொழியிலா?

மார்த்தாண்டத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் திறன் தொலைக்காட்சி நுழையாத தெருவை இன்று காண்பது அரிது. மகனோ மருமகனோ வளைகுடா நாட்டு வெயிலில் உழைத்து விடுத்த பணத்தில் வந்த பெட்டி அது. பேரப்பிள்ளைகளின் ஆட்டபாட்டமும், கோயில் திருவிழாவின் நேரலையும், பழைய திரைப்படமும் அதன் வழியேதான் முதியோர்க்குக் கிட்டுகின்றன. ஒருநாள் மாலை, வழக்கம்போல் ஒரு செயலியைத் திறந்தால் படம் வருவதில்லை. கருந்திரையின் நடுவே ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் வந்து நிற்கின்றன. அவ்வளவுதான். வீட்டிலுள்ள அம்மையார்க்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். நாளிதழை வரி விடாமல் படிப்பவர். எனினும் அவ்விரண்டு வரிகளின்முன் அவர் கல்லாதவராக நிற்கின்றார். பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டப்படுகின்றது. பழுதுநீக்குநர்க்குச் சொல்லி விடுகின்றனர்.

வருகின்ற இளைஞர் செய்வது யாது? சுவரிலுள்ள செருகியைப் பிடுங்குகின்றார். சிறிது பொழுது கழித்து மீண்டும் செருகுகின்றார். பெட்டி விழிக்கின்றது, செயலியும் இயங்குகின்றது. அவர் கேட்கும் கூலியைக் கொடுத்து, நன்றியும் சொல்லி அனுப்புகின்றனர். அவ்விளைஞர்மேல் குற்றமில்லை, அவர் தம் பிழைப்பைச் செய்தார். ஆனால் திரையில் நின்ற அவ்விரு வரிகளும் தமிழில் நின்றிருப்பின், அவரை அழைக்க வேண்டிய தேவையே பல வேளைகளில் எழுந்திராது என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

இதன் உள்ளியல்பு அறியத்தக்கது. தொலையியக்கியிலுள்ள சிவப்பு அழுத்தியை அழுத்தினால் தொலைக்காட்சி அணைந்துவிடுகின்றது என்பது பலர்தம் நம்பிக்கை. அது தவறு. பெட்டி உறங்குகின்றது; அவ்வளவே. முன்னாள் திறந்த செயலிகள் அதன் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் இவ்வாறு கிடந்தால் நினைவகம் நெருக்குண்டு, ஏதேனுமொரு செயலி பாதியில் நின்றுபோகும். செருகியைப் பிடுங்கி ஒரு மணித்துளி காத்திருந்து மீண்டும் செருகுங்கால் நினைவகம் வெறுமையாகிப் பெட்டி புதிதாகத் தொடங்குகின்றது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

அதற்கும் இயங்காவிடின் அடுத்து நோக்கத்தக்கது, ஒரு செயலி மட்டும் நின்றுள்ளதா, எல்லாமே நின்றுள்ளனவா என்பது. எல்லாம் நின்றிருப்பின் நோய் பெரும்பாலும் பெட்டியில் இல்லை, இணையத்தில் உள்ளது. குமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் பெய்யும் நிலம். இடி மின்னலில் மின் தடைப்படுவதும், இணையக் கம்பி அறுவதும், வீட்டுத் திசைவி தடுமாறுவதும் ஈண்டுப் புதியன அல்ல. திசைவியையும் ஒருமுறை அணைத்து இயக்குதல் வேண்டும். கைப்பேசியில் அதே இணையம் வருகின்றதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

ஒரு செயலி மட்டும் நின்றிருந்தால், பட்டியலில் அச்செயலியின் பக்கத்திற்குச் சென்று அதனை நிறுத்தி, அதன் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு மீண்டும் திறத்தல் வேண்டும். விரைந்து இயங்கும்பொருட்டுச் செயலி தன்பால் சேர்த்து வைத்துள்ள துண்டுகளே தற்காலிகச் சேமிப்பு. அத்துண்டுகளில் ஒன்று சிதைந்தாலும் செயலி இடறும். இதனை அழிப்பதால் கணக்கோ கடவுச்சொல்லோ போய்விடா; அதனையடுத்து, செயலியின் தரவு முழுவதையும் அழிக்கும் வரி ஒன்று நிற்கும்; அதைத் தொட்டால்தான் அவை போகும். இரண்டு வரிகளும் அருகருகே நிற்பன. ஆங்கிலம் அறியாதவர் ஒன்றனுக்கு மற்றொன்றைத் தொட்டுவிட்டு, மகன் அயல்நாட்டிலிருந்து மீண்டும் கடவுச்சொல் சொல்லும் வரை காத்திருப்பதும் நிகழ்கின்றது.

பிறிதொரு கரணியம் பலர்க்கு வியப்பளிப்பது. பெட்டியின் நாள்காட்டி தவறியிருந்தாலும் செயலி திறவாது. செயலியும் அதன் வழங்கியும் ஒன்றையொன்று நம்புவது மின்னணுச் சான்றிதழைக் கொண்டு. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. மின்தடைக்குப்பின் பெட்டி தன்னைப் பழைய ஆண்டொன்றில் இருப்பதாகக் கருதிக்கொண்டால், செம்மையான சான்றிதழும் அதன் கண்ணுக்குச் செல்லாததாகத் தோன்றும். நாளையும் வேளையையும் இணையத்தினின்று தானே பெறுமாறு அமைத்துவிட்டால் இத்தொல்லை ஒழியும். இடப்பற்றாக்குறையும் ஒன்று: சிறு சேமிப்பகம் கொண்ட பெட்டிகளில் பாதியை இயங்குதளமே விழுங்கிவிடும். எஞ்சிய இடத்தில் ஒருகாலும் திறவாத பத்துச் செயலிகள் குந்தியிருந்தால், திறக்கும் செயலிக்குப் புதுப்பிப்பு வந்து இறங்க இடமேது? தேவையற்றவற்றை நீக்குவதே மருந்து. வளைகுடாவினின்று கொண்டுவந்த பெட்டியாயின், அதில் பதிந்துள்ள நாடும் கணக்கும் அந்நாட்டுக்குரியனவாக இருக்கும். இங்குள்ள செயலிகள் சில செயலிக் கடையில் தோன்றாமைக்கு அதுவே கரணியமாகலாம்.

இவை அனைத்தும் பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய பணிகள். பொறியியற் பட்டம் வேண்டா. வேண்டுவது, திரையில் எழுதியிருப்பது விளங்குதல் ஒன்றே.

இங்குத்தான் நெஞ்சு வேகின்றது. விளவங்கோடு வட்டத்து மண் எளிய மண் அன்று. தொடுவெட்டி என்று பழம்பெயர் வழங்கிய இதே மார்த்தாண்டத்திலும், புதுக்கடையிலும், 1954 ஆகத்துத் திங்கள் 11ஆம் நாள், தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று கேட்ட மக்கள்மேல் திருவிதாங்கூர்–கொச்சி அரசின் காவலர் சுட்டனர், உயிர்கள் மாய்ந்தன. நேசமணி முதலியோர் நடத்திய அப்போராட்டத்தின் பயனாகவே 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன. பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழ் வேண்டும் என்று குருதி சிந்திப் பெற்ற மண்ணில், வீட்டு நடுக்கூடத்தில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பெட்டியை வைத்துக்கொண்டு அதன்முன் வாய்மூடி அமர்ந்திருப்பதை என்னென்பது!

பெட்டிக்குத் தமிழ் தெரியாது என்று எவரும் சாக்குரைக்க வேண்டா. கூகுள் நிறுவனத்தின் இயங்குதளம் கொண்ட தொலைக்காட்சிகளில் தமிழ்ப் பட்டியல் உள்ளேயே இருக்கின்றது. தமிழ் எழுத்துகள் 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் இடம்பெற்றுவிட்டன. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு தட்டச்சு விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்தியது. வழி அமைத்தாயிற்று, நடப்பார்தாம் இல்லை. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, மின் இணைப்புக் கொடுத்து, ஆங்கிலத்தைத் தேர்ந்து வைத்துவிட்டுப் போகின்றார். வாங்குவோரும் அதுவே பெருமையென்று இருந்துவிடுகின்றனர். ஒரு மணித்துளியில் மாற்றக்கூடியதை ஐந்தாண்டுகள் மாற்றாமல் வைத்திருப்பது அடிமைத்தனமன்றி வேறென்ன?

ஆனால் அத்தமிழ்ப் பட்டியலும் குறையற்றதன்று. செயலி என்னும் அழகிய சொல் நாடெங்கும் வழங்கிக்கொண்டிருக்க, அப்பட்டியலில் 'ஆப்ஸ்' என்று எழுதி வைத்துள்ளனர். ஆங்கிலச் சொல், அதன் ஆங்கிலப் பன்மை ஈறு, அவ்வீற்றை எழுத ஒரு வடவெழுத்து! மூன்று பழுதை மூன்றெழுத்தில் அடக்கிய திறமையை வியக்காமல் இருக்க முடியவில்லை. 'தற்காலிகச் சேமிப்பு' என்று பக்கத்திலேயே எழுதத் தெரிந்தவர்க்குச் செயலி என்று எழுத வராதா? வரும், கேட்பார் இல்லை. ஆயினும் இக்குறையைக் காட்டித் தமிழ்ப் பட்டியலை ஒதுக்குவது, சோற்றில் கல் இருக்கின்றதென்று பட்டினி கிடப்பதை ஒக்கும். பயன்படுத்துவோர் பெருகினால்தான் திருத்தக் கேட்கும் குரலும் பெருகும்.

இனி, வேறொரு வகைப் பழுது உண்டு. அது செருகியைப் பிடுங்கினாலும் தீராது. எம்மொழியில் படித்தாலும் தீராது. நோய் வீட்டிலன்றிக் கடல் கடந்த நிறுவனத்தில் இருக்கும். 2015 ஏப்பிரல் திங்களில் யூடியூபு தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியபோது, 2012ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னும் செய்யப்பட்ட தொலைக்காட்சிகள் பலவற்றில் அச்செயலி ஓய்ந்தது. 2019 திசம்பர் முதல், அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்பெற்ற 2010, 2011ஆம் ஆண்டுச் சாம்சங்குப் பெட்டிகள் சிலவற்றில் நெட்பிளிக்சு நின்றது. அப்பெட்டிகளின் திரை மங்கவில்லை, ஒலி குன்றவில்லை. உடல் நலமாக இருக்க உயிரை மட்டும் பிடுங்கிக்கொண்டனர். இத்தகைய வேளையில் பழுதுநீக்குநரை அழைப்பதும் வீண். பெட்டியையே மாற்றுவதும் வீண். தொலைக்காட்சியின் பின்புறத்தில் செருகும் சிறு கருவியொன்றை வாங்கினால், பழைய பெட்டி இன்னும் பல்லாண்டு உழைக்கும். இதனைச் சொல்லாமல் புதுப்பெட்டி விற்பதில் முனையும் கடைகளும் உண்டு.

2025 மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்தது இன்னும் படிப்பினை தருவது. கூகுள் 2015இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறைக் குரோம்காசுட்டுக் கருவிகள், உலகெங்கும் ஒரே பொழுதில் இயங்க மறுத்தன. கருவிக்குள் வைத்திருந்த சான்றிதழின் காலம் முடிந்துபோயிருந்ததே கரணியம். பெட்டி இடறினால் தொழிலக நிலைக்கே மீட்டுவிடுக என்பது பழுதுநீக்குவோரின் பழகிய அறிவுரை. அந்நாளிலோ, அவ்வாறு மீட்க வேண்டா என்று அந்நிறுவனமே அறிவித்தது. பொறுத்திருந்தவர்க்குச் சில நாட்களில் திருத்தம் தானே வந்து இறங்கியது. அவசரப்பட்டு மீட்டவர் கூடுதல் இடருக்கு ஆளாயினர். ஆதலின் தொழிலக நிலைக்கு மீட்டல் என்பது கடைசி மருந்து. கடவுச்சொற்கள் கையில் உள்ளனவா என்று பாராமலும், இதே இடர் அயலார்க்கும் நேர்ந்துள்ளதா என்று உசாவாமலும் அதனைத் தொடலாகாது.

விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்று கேட்க வாங்கியவர்க்கு உரிமை இல்லையா? பிரித்தானிய நாட்டில், இணையத்தோடு இயங்கும் கருவிகளுக்குக் காப்புப் புதுப்பிப்பு எதுவரை வழங்கப்படும் என்பதை உருவாக்கும் நிறுவனங்கள் அறிவித்தே ஆகவேண்டும் என்னும் சட்டம் 2024 ஏப்பிரல் 29 முதல் நடப்பில் உள்ளது. இந்திய ஒன்றியத்தில், பழுதுநீக்கும் உரிமைக்கென நடுவணரசின் நுகர்வோர் துறை 2022 திசம்பரில் ஓர் இணையவாயிலைத் திறந்தது. தொலைக்காட்சி இயங்குதளத்தில் கூகுள் நிறுவனத்தின் கெடுபிடிகளைக் குறித்த வழக்கில், உருபா 20.24 கோடி செலுத்தி உடன்பாடு காண இந்தியப் போட்டி ஆணையம் 2025 ஏப்பிரலில் ஒப்பியது. இவை நன்றே. ஆயினும் மார்த்தாண்டத்துக் கடையில் நிற்கும் அம்மையார்க்கு இவற்றால் எட்டியது என்ன? பெட்டியின் உறையில் தமிழில் ஒரு வரி இல்லை. புதுப்பிப்பு எவ்வாண்டில் நிற்கும் என்னும் குறிப்பும் இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு திறன் தொலைக்காட்சியின் உறைமேலும் இவ்விரண்டும் தமிழில் பொறிக்கப்படல் வேண்டும் என்று தமிழ்நாட்டரசு வற்புறுத்துதல் கடமை.

அரசு செய்யும்வரை வாங்குவோர் வாளா இருத்தலும் தகாது. விலைப்பட்டியல் எழுதுமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்: இதில் தமிழ்ப் பட்டியல் உண்டா? புதுப்பிப்பு எவ்வாண்டு வரை? எழுதித் தருவீரா? பொறுப்புறுதிக் காலத்துள் பழுதைத் தீர்க்காமல் அலைக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு. அதற்கும் பயனில்லையேல் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டம் அதற்கு வழி வகுத்துள்ளது.

ஏற்கெனவே வீட்டில் உள்ள பெட்டிக்கு இன்றே செய்யத்தக்கது ஒன்று. திரையின் மேன்மூலையில் பற்சக்கரம் போன்ற படம் ஒன்று இருக்கும். அதனுள் சென்றால் பல வரிகள் ஆங்கிலத்தில் நிற்கும். அவற்றுள் பெட்டியின் அமைப்பைக் குறிக்கும் வரியின்கீழ் மொழிகளின் வரிசை உண்டு. ஆங்கிலம் அறிந்த பிள்ளை ஒருவரை ஒருமுறை மட்டும் அதுவரை அழைத்துச் செல்லச் சொன்னால் போதும். அவ்வரிசையில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அவ்வம்மொழியின் எழுத்திலேயே எழுதப்பட்டுள்ளது. வரிசையில் இறங்கி வருகையில் 'தமிழ்' என்று தெளிவாகத் தெரியும். அங்கே நின்று தொலையியக்கியின் நடு அழுத்தியை அம்மையாரே அழுத்தலாம்.