இரண்டு வாசல்களும் ஒரு நோயாளியும்

மதுப் பழக்கத்திற்கு ஆட்பட்ட ஒருவர் மனநோய்க்கும் ஆளாகியிருப்பாராயின், அவர் எந்த வாசலைத் தட்ட வேண்டும்? இக்கேள்விக்கு நமது நாட்டின் நிர்வாக அமைப்பு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. மனநோய் சிகிச்சை சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. அதற்கென 1982ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டமும், 1996ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பெற்றன. போதை மீட்பு நிலையங்களுள் பலவோ, சமூகநீதி அமைச்சகத்தின் மானியத்தைக் கொண்டு தொண்டு நிறுவனங்களால் நடத்தப்பெறுகின்றன. மனநல மருத்துவமனையில், "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். மீட்பு நிலையத்தில், "முதலில் சித்தம் தெளிந்த பிறகு வாருங்கள்" என்கிறார்கள். நோயாளி வீடு திரும்புகிறார். உடன் வந்த மனைவிக்கு இரண்டு நாட் கூலி போயிற்று.

நான் மருத்துவன் அல்லன். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதத்தில் இரண்டு பயிற்சிக் கையேடுகள் என் மேசைக்கு வந்தன. ஒன்று களப்பணியாளருக்கான மனநலக் கையேடு. மற்றொன்று போதை மீட்பு ஆலோசகருக்கானது. முன்னதில் மதுவைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: குடிப்பவராயின் மீட்பு நிலையத்துக்கு அனுப்புக என்று. பின்னதிலும் அவ்வாறே ஒரு வரி: மனநோய்க்குரிய அறிகுறி தென்படின் மனநல மருத்துவரிடம் அனுப்புக என்று. இரண்டையும் மூலத்துக்கு மாறுபடாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 'அனுப்புக' என்னும் சொல் இரு நூல்களிலும் இருந்தது. 'ஏற்றுக்கொள்க' என்னும் சொல் எதிலும் இல்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மொழிபெயர்ப்பாளனுக்கு அதிகாரம் கிடையாது. அன்று எழுத முடியாததையே இங்கு எழுதுகிறேன்.

பிரச்சினையின் அளவு சிறிதன்று. 2018ஆம் ஆண்டில் நடத்தப்பெற்று 2019இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவினால் ஏற்பட்ட தொல்லைகளுக்கு உதவி தேவைப்படுவோர் ஏறக்குறைய 5.7 கோடி எனக் கணக்கிட்டது. மதுவைச் சார்ந்துவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகவும் கூறிற்று. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் இருப்பது தெரியவந்தது. இவ்விரு கூட்டங்களும் வெவ்வேறானவை அல்ல. ஒன்றுடன் ஒன்று பெரிதும் கலந்தவை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநோய்க்கு இலக்கணம் வகுக்குமிடத்து, மது, போதைப் பொருள்களின் தவறான உபயோகத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் உள்ளடக்கிவிட்டது. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டது. நமது பயிற்சி வகுப்புகளே இன்னும் பாராதிருக்கின்றன.

ஒருங்கே கற்பிக்க வேண்டுவதன் காரணம், இரு நோய்களும் ஒன்றன் முகமூடியை மற்றொன்று அணிந்து வருவதேயாகும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்த ஒருவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களில் உடல் நடுக்கம், மிகுந்த வியர்வை, இல்லாதவை கண்ணுக்குத் தோன்றுதல், இடமும் காலமும் மறத்தல் ஆகியவை நேரக்கூடும். சிகிச்சையின்றி விட்டால் இது உயிருக்கே அபாயம். ஊரார் இதைப் பைத்தியம் என்பர்; பேய் என்பாரும் உண்டு. இதில் நம் களப்பணியாளருக்கும் பங்குண்டு என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. "இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு கூறும் புத்திமதியே சில சமயம் இந்த நிலைக்குக் காரணமாகிவிடுகிறது. அதிகமாகக் குடிப்பவர் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. குடிப்பவரிடம் காணப்படும் மனச்சோர்வு மதுவினாலேயே விளைந்ததாயின், குடியை விட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். வேறு மூலத்தில் பிறந்ததாயின் தணியாது. இதனைப் பகுத்தறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை, கேள்விகளே போதும். முதலில் வந்தது துக்கமா, குடியா? சபரிமலைக்கு மாலையிட்டோ வேறு விரதமிருந்தோ குடிக்காதிருந்த மாதங்களில் மனம் எப்படியிருந்தது? குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய துன்பம் உண்டா? இவற்றைக் கேட்கத் தெரிந்த ஓர் ஆலோசகர், கேட்கத் தெரியாத பத்துப் பேரைக் காட்டிலும் பயனுடையவர் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் தற்கொலை எண்ணம் உள்ளவரிடம், "நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்" என்பது கூடாது. அவருக்கு அன்றைக்கே சிகிச்சை வேண்டும்.

மருந்துகளிலும் இவ்வாறே. கடுமையான மனச்சிதைவுக்குக் குளோசபின் உட்கொள்ளும் ஒருவர் பீடியை விட்டுவிட்டால், அதே அளவு மாத்திரையிலேயே இரத்தத்தில் மருந்தின் செறிவு உயர்ந்துவிடும். ஏனெனில், புகையானது அம்மருந்தை ஈரலில் விரைவாகச் சிதைத்துக்கொண்டிருந்தது. குடியை வெறுக்கச் செய்யும் டைசல்பிரம் மாத்திரையோ மனச்சிதைவைச் சிலரிடம் கிளறிவிடக்கூடும். பீடியை விடச் செய்பவர் ஓரிடத்திலும் மாத்திரை கொடுப்பவர் வேறிடத்திலும் இருந்து, இருவரும் பேசிக்கொள்ளாதிருந்தால், நல்லது செய்யப் போய்த் தீங்கு விளையும்.

இவற்றையெல்லாம் ஊழியர்களுக்குக் கற்பிக்க இயலுமா? கோவாவில் சங்காத் என்னும் அமைப்பினர், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் மக்களைப் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை வழங்கச் செய்தனர். தீங்கு விளைக்கும் அளவுக்குக் குடிக்கும் ஆண்களுக்கென ஒரு முறை. கடும் மனச்சோர்வுக்கென வேறொரு முறை. இரண்டையும் வழங்கியவர்கள் அதே ஆலோசகர்களே. அவ்விரு முறைகளும் பயன் தந்தமை முறையான சோதனைகளால் நிறுவப்பெற்றது. என் கவனத்தைக் கவர்ந்தது அவர்கள் படித்த பாடங்களைவிட, பயின்ற விதமே. நோயாளிகளோடு நடத்திய பேச்சின் ஒலிப்பதிவுகளை ஆலோசகர்கள் கூடியமர்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பிட்டுத் திருத்திக்கொண்டனர். மாவட்டத் தலைநகரில் ஒரு நாள் விரிவுரை, நடுவில் தேநீர், மாலையில் சான்றிதழ் என்னும் நமது வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நிம்ஹான்ஸ் நிறுவனமும் தூரத்து ஊழியர்களை இணையவழிக் காணொளியில் ஒன்றுகூட்டி, அவரவர் நோயாளியின் வரலாற்றையே பாடமாக வைத்துக் கற்பிக்கும் எக்கோ முறையைப் பின்பற்றி வருகிறது. இது 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஈரல் அழற்சி நோய்க்காகத் தோன்றிய முறை. இதில் மனநலப் பணியாளரும் மீட்பு நிலையத்தாரும் ஒரே வகுப்பில், ஒரே நோயாளியைக் குறித்து வாதிக்க வேண்டும் என்பதே நான் வேண்டுவது.

களப்பணியாளரின் தோளில் மேலும் ஒரு சுமையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒப்பந்த ஊதியத்தில் இருப்பவர் பயிற்சி முடிந்த சில மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விடுவதும் உண்மை. அதற்கு ஊதியத்தையும் பதவியையும் நிலைப்படுத்துவதன்றிப் பயிற்சியில் மருந்தில்லை. ஆனால் கேள்விகளின் சுமை பெரிதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதுப்பழக்க வினாத்தாளில் உள்ளவை 10 கேள்விகளே. கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமின்றிப் போயிற்றா என்னும் இரண்டையும் சேர்த்தால் 12. எந்த வாசலில் வந்தாலும் இந்த 12ஐயும் கேட்கலாமே.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மேற்கூறிய 2018ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடையே உபயோக விகிதம் மிகுந்து காணப்பட்ட ஒரே வகை, முகர்ந்து போதை கொள்ளும் பசை, கரைப்பான் முதலியவை. பஞ்சர் ஒட்டும் பசை வாடை வீசும் மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்குவது சுலபம். அவன் எந்தப் பயத்தை அடக்க அதை முகர்கிறான் என்று விசாரிப்பது கடினம். நோய் இன்னதென்று தீர்மானிப்பது ஆசிரியரின் வேலையன்று. அவனைத் தனியே அழைத்துப் பேசி, உதவி கிடைக்குமிடத்துக்குக் கூட்டிச் செல்வதே வேலை.

அந்த உதவிக்குத் தொலைபேசி எண்களும் உண்டு. மனநலத்துக்கு 14416, இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. போதை மீட்புக்கு 14446. இவற்றிடையே வேறுபாடு ஓர் இலக்கந்தான். இரண்டு எண்களிலும் அழைப்பை ஏற்பவர்களை அடுத்த பயிற்சியில் ஒரே அறையில் அமர்த்தலாம். அதற்குரிய சுற்றறிக்கையில் இரண்டு அமைச்சகங்களின் கையொப்பம் வேண்டும். அதனைத் தமிழில் பெயர்த்துத்தர நான் ஆயத்தமாயிருக்கிறேன்.