கரை பெரிதா? பெயர் பெரிதா?



நற்சான்றிதழ், அழைப்பிதழ், வாழ்த்து மடல், பயிற்றித்தாள் என எதனைக் கணினியில் உருவாக்கினாலும் அதனைச் சுற்றி ஓர் அழகிய கரை இடுவது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அதனைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால், அந்தக் கரையை எங்கிருந்து எடுக்கிறோம், எதற்காக இடுகிறோம் என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பரிசளிப்பு விழாவுக்காக இணையத்திலிருந்து ஒரு கரையைப் பதிவிறக்கினேன். திராட்சைக் கொடியும் மேப்பிள் இலையும் பின்னிய வண்ணக்கரை. பார்க்க அழகுதான். ஆனால், தாளில் பாதியை அதுவே விழுங்கிவிட்டது. ஒரு மாணவியின் பெயரும் தந்தையார் பெயரும் சேர்ந்து நீண்டுவிட, எழுத்தின் அளவைக் குறைத்து எப்படியோ அடக்கினேன். விழா முடிந்ததும் அம்மாணவியின் பாட்டி என்னிடம் வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதுல எம் பேத்தி பேரு எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் மகிழ்ச்சியோடுதான் சென்றார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சேலைக்குக் கரை அழகு. கரையே சேலையாகிவிட்டால் உடுத்துவது எப்படி? சான்றிதழின் உயிர் அந்தப் பிள்ளையின் பெயர்தான். மற்றவையெல்லாம் அதற்குத் துணை.

இன்னொன்றும் உண்டு. சொற்செயலியில் ஆயத்தமாக இருக்கும் கரைகளில் ஆப்பிளும் கிறிஸ்துமஸ் மரமும் நிறைந்துள்ளன. நம் பிள்ளைகள் அன்றாடம் காணும் வாசற்கோலமும் மாவிலைத் தோரணமும் ரம்புத்தானும் எங்கே? சொங்கேட் துணியில் நெய்யப்படும் மூங்கிற்குருத்து வடிவம் எவ்வளவு எடுப்பானது! 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கலை அது. நம் மண்ணிலேயே இத்தனை வடிவங்கள் இருக்க, பிறர் வரைந்ததை உரிமை கேளாமல் எடுப்பது முறையா? இணையத்தில் கிடைப்பவை எல்லாம் இலவசமல்ல. மாணவரிடம் 'பார்த்து எழுதாதே' என்று கூறும் நாம் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

"நாமே உருவாக்க நேரம் ஏது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒருமுறை உழைத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும். கிம்ப் என்னும் இலவச மென்பொருளே போதுமானது. நான் செய்யும் முறை இது:

1. ஏ4 தாளுக்கு 2480 x 3508 படப்புள்ளி அளவில், அங்குலத்திற்கு 300 புள்ளி அடர்த்தியில் புதிய கோப்பைத் திறக்கவும்.

2. மாணவர் வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் வரைந்த கோலத்தை வருடி எடுத்து, தெளிவான கறுப்பு வெள்ளையாக்கி, வெள்ளைப் பகுதியை ஒளிபுகுமாறு நீக்கவும்.

3. அதனை 180 படப்புள்ளிச் சதுரமாக்கவும். அகலத்திற்கு 12, உயரத்திற்கு 18 சதுரங்கள் மிச்சமின்றி அமையும். பக்கவாட்டில் 160, மேலும் கீழும் 134 படப்புள்ளி வெற்றிடம் கிடைக்கும். அச்சுப்பொறி விளிம்பை வெட்டிவிடாது.

4. ஒரு மூலையை மட்டும் வரைந்தால் போதும். அதனைப் படியெடுத்து, இடவலமாகவும் மேல்கீழாகவும் புரட்டினால் நான்கு மூலைகளும் ஆயத்தம். மூலைகளுக்கு இடையே மேலும் கீழும் பத்துப்பத்து, பக்கத்திற்குப் பதினாறு சதுரங்கள். பக்கவாட்டுச் சதுரங்களைத் 90 பாகை திருப்பிக்கொள்ளவும்.

5. பி.என்.ஜி. வடிவில் சேமிக்கவும். ஜேபெக் வடிவில் ஒளிபுகு தன்மை நிற்காது.

ஒரு நுணுக்கம்: சதுரத்தின் இடவிளிம்பில் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதே உயரத்தில் வலவிளிம்பில் முடியவேண்டும். இல்லையேல் கோலம் அறுந்து நிற்கும். மாணவர் இதனைத் தாமே கண்டுபிடிக்கும்போது சமச்சீரும் அளவையும் கைவழியே மனத்தில் பதிகின்றன. கணினியறையில் இதைவிட நல்ல கணிதப் பாடம் உண்டா?

பெயர்களைப் படத்துக்குள் எழுதிவிடாதீர்கள். கரையைச் சொற்செயலியில் எழுத்துக்குப் பின்னால் வைத்து, பெயரை ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் பிழை திருத்துவது எளிது. பயிற்றித்தாளுக்கு மெல்லிய கறுப்புக் கோடே நன்று. கறுப்பு வெள்ளையில் படியெடுக்கும்போது மென்னிறங்கள் மறைந்துபோகும். அடர்ந்த பின்னணியோ மையைக் குடிக்கும்.

பெற்றோர்களே, வீட்டில் பாட்டியோ அம்மாவோ போடும் கோலங்களைத் தாளில் வரைந்து பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். வாசலில் போட்டது மாலைக்குள் கலைந்துவிடும். தாளில் ஏறினால் தங்கும்.

அடுத்த விழாவிலிருந்து எங்கள் சான்றிதழ்களில் மாணவர் வரைந்த கோலமே கரையாக அமைந்தது. முன்னைவிட எளிமையானதுதான், வண்ணமும் குறைவு. ஆனால், நடுவில் பிள்ளைகளின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. எவரும் என்னிடம் வந்து பெயரைத் தேடித் தரச் சொல்லவில்லை.

ஆயத்தக் கரைகளை அறவே விலக்குங்கள் என்று நான் கூறவில்லை. ஆண்டுக்கு ஒரு கரையாவது நம் பிள்ளைகளின் கைவண்ணமாக இருக்கட்டும் என்றே வேண்டுகிறேன். முயன்று பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்