விழுந்த உண்ணி சாகவில்லை

வேப்பெண்ணெய் தடவினால் நாய்மேல் உண்ணி ஏறாது என்று நம்பாதவர்கள் நம் ஊரில் குறைவு. வேப்பெண்ணெய் இல்லையென்றால் மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெய். அதுவும் இல்லையென்றால் கற்பூரம், பூண்டு, சீத்தாப்பழ விதை, ஆப்பிள் சைடர் வினிகர். வசதியுள்ளவர்களுக்கு இதே சரக்கு பச்சை நிறக் குப்பியில் அடைத்து, 'கெமிக்கல் இல்லை, முழுக்க இயற்கை' என்று எழுதி விற்கப்படுகிறது. மாத்திரை கொடுத்தால் ஈரல் கெடும், சொட்டு மருந்து விட்டால் வலிப்பு வரும் என்ற பயமும், பாட்டன் காலத்து வைத்தியம் கைவிடாது என்ற நம்பிக்கையும் சேர்ந்து இந்தச் சரக்கைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. உண்ணியிடமிருந்து நாயை இவை காப்பாற்றுவதில்லை. சில நேரம் உண்ணியோடு சேர்ந்து நாயைக் கெடுக்கவும் செய்கின்றன.

தடவிப் பார்த்து 'பலித்தது' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்டது எண்ணெயின் வேலையா, உண்ணியின் இயல்பா என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

நம் நாய்களின் மேல் பெரும்பாலும் ஏறுவது பழுப்பு நாய் உண்ணி. பெண் உண்ணி நாயின் காது மடலிலோ விரலிடுக்கிலோ கழுத்திலோ கடித்து ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வாரம் இரத்தம் குடிக்கிறது. ஆமணக்கு விதை போல் உப்பிச் சாம்பல் நிறமானதும் தானாகவே பிடியை விட்டுக் கீழே விழுகிறது. யாரும் எதையும் தடவ வேண்டியதில்லை. விழுந்தது ஊர்ந்து போய்ச் சுவரில் ஏறுகிறது. விரிசலிலோ, கதவு நிலையின் இடுக்கிலோ, கூரைச் சந்திலோ புகுந்து நாலாயிரம் முட்டைகள் வரை இட்டுவிட்டுச் சாகிறது. முட்டையிலிருந்து வரும் ஆறு கால் குஞ்சு நாயைத் தேடி ஏறுகிறது, சில நாள் குடிக்கிறது, விழுகிறது, தோலுரிக்கிறது. எட்டுக் கால் இளம் உண்ணியாக மறுபடி ஏறி, குடித்து, விழுந்து தோலுரிக்கிறது. பிறகுதான் முழு உண்ணியாக வருகிறது. மூன்று முறை ஏற்றம், மூன்று முறை இறக்கம். வாழ்நாளில் பெரும்பகுதியை அது நாயின் மேல் கழிப்பதே இல்லை. நம் வீட்டுச் சுவரில்தான் கழிக்கிறது. நம் வெயிலில் இந்தச் சுற்று இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும். நாய் கிடைக்காவிட்டால், இரை இல்லாமலே ஓராண்டுக்கு மேல் காத்திருக்கக்கூடிய உயிர் அது.

இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். காதில் கொத்தாக உண்ணி தெரிந்ததும் பதறிப்போய்ப் பிடுங்குகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், சீவுகிறார்கள், வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். ஒரு வாரத்தில் நாய் சுத்தமாகிவிடுகிறது. பாதியைக் கை எடுத்தது. மீதி வயிறு நிறைந்து தானே இறங்கியது. பெயர் எண்ணெய்க்குப் போகிறது. சில வாரம் கழித்து எள்ளளவு குஞ்சுகள் மொய்க்கும்போது, 'தெருநாயிடமிருந்து ஒட்டியிருக்கும்' என்று மறுபடி எண்ணெயை எடுக்கிறார்கள். அந்தக் குஞ்சுகள் அதே வீட்டுச் சுவரில் பொரித்தவை. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் ஒருமுறை ஜெயித்ததாகத் தெரியும். அதற்குள் சுவரில் இருப்பவை பெருகிக்கொண்டே போகும்.

வேம்பைக் குறை சொல்வதாக யாரும் கோபப்பட வேண்டாம். வேம்பு வெறும் நம்பிக்கை அல்ல. அதன் விதையில் உள்ள அசாடிராக்டின் புழுவின் தீனியை நிறுத்தும், தோலுரிப்பைக் குலைக்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கும் விவசாயிக்கு அது தெரியும். வேம்பின் பூஞ்சைக்கொல்லிப் பயனுக்கு ஐரோப்பாவில் வாங்கப்பட்டிருந்த காப்புரிமையை இந்தியத் தரப்பு போராடி உடைத்ததும் உண்மை. 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. ஆனால் வயலில் நடப்பதும் நாயின் தோலில் நடப்பதும் வேறு. புழு, மருந்து தெளித்த இலையைத் தின்கிறது. அசாடிராக்டின் அதன் வயிற்றுக்குப் போகிறது. உண்ணி மேல்தோலைத் தின்பதில்லை. தோலைத் துளைத்து இரத்தம் குடிக்கிறது. மேலே பூசிய எண்ணெய் அதன் வாய்க்கு வருவதே அரிது. போதாக்குறைக்கு அசாடிராக்டின் வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் உண்ணியைச் செறிவான வேப்பச் சாற்றில் முக்கி எடுத்தால் சாகிறது, முட்டை குறைகிறது என்று கட்டுரைகள் வந்திருப்பதும் நிஜம். விற்பவர்கள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் அதுதான். கண்ணாடித் தட்டில் மூழ்கிய உண்ணி வேறு. வெயிலில் ஓடி, மண்ணில் புரண்டு, உதறி, நக்கிக்கொள்ளும் நாயின் அடர்ந்த முடிக்குள் ஒளிந்திருக்கும் உண்ணி வேறு. எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா, யூகலிப்டஸ் எண்ணெய்களுக்கு விரட்டும் குணம் உண்டு. வாசனை இருக்கும் சில மணி நேரம் வரைதான் அந்தக் குணம். நம் ஊரில் உண்ணிக்கு ஓய்வுகாலம் என்று ஒன்று கிடையாது.

சோதித்துப் பார்த்தவற்றின் கதி என்ன? ஈஸ்ட் பொடியைத் தீனியில் கலந்தால் தெள்ளுப்பூச்சி அண்டாது என்பது உலகம் முழுக்கச் சுற்றும் யோசனை. 1983லேயே நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பயனில்லை என்று எழுதிவிட்டார்கள். இன்றும் அது விற்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளை விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே அமெரிக்காவில் 1996 முதல் கிராம்பு, புதினா, எலுமிச்சைப்புல் போன்ற சில தாவர எண்ணெய்ப் பூச்சிவிரட்டிகளுக்குக் கூட்டரசின் பதிவு தேவையில்லை. அவை வேலை செய்கின்றனவா என்று கூட்டரசிடம் நிரூபிக்கவும் வேண்டியதில்லை. இறக்குமதியான 'இயற்கை' ஸ்ப்ரேயைக் கையில் எடுத்து, அமெரிக்காவில் விற்பதாயிற்றே என்று நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலிக்காவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பார்கள். இந்தப் பேச்சுத்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அந்தப் பதிவு தேவைப்படாத தாவர எண்ணெய் மருந்துகளால் பாதிக்கப்பட்டதாகத் தகவல் வந்த 39 பூனைகளையும் 9 நாய்களையும் ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் கெடுதல் அறிகுறி காட்டியிருந்தன. டீ ட்ரீ எண்ணெயை அப்படியே தடவியதாலும் உள்ளே போனதாலும் பாதிக்கப்பட்ட 443 நாய், பூனைகளின் விவரம் 2014இல் வெளியானது. தள்ளாட்டம், நடுக்கம், கால் தளர்ச்சி, சோர்வு. கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போகும். நக்கினால் வலிப்பு வரும். சில வீடுகளில் இன்னும் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். தோல் வெந்துபோகும். நக்கிய நாய்க்கு அது நுரையீரலுக்குள் இறங்கினால் பிழைப்பதே சிரமம்.

பூண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. உண்ணி பரப்பும் பபீசியா என்ற ஒட்டுண்ணியும் சிவப்பணுக்களுக்குள் புகுந்துதான் அவற்றை உடைக்கிறது. ஏற்கெனவே இரத்தம் குறைந்து ஈறு வெளுத்த நாய்க்கு, உண்ணி போகட்டும் என்று தினமும் பூண்டு அரைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்பினால்தான் கொடுக்கிறார்கள். அந்த அன்பைத் தவறான வழியில் திருப்பிவிட்டவர்கள் மேல்தான் என் கோபம்.

மருந்துக்கடைச் சரக்கு எல்லாம் பாதுகாப்பானது என்று நான் சொல்ல வரவில்லை. ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர், சரோலனர் வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாயென்றால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஐவர்மெக்டின் ஊசி, ஒரு மரபணுக் குறையுள்ள கோலி வகை நாய்களைக் கொன்றுவிடும். நாய்க்குப் பயன்படும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு விஷம். அந்த பெர்மெத்ரினோ செவ்வந்தி இனப் பூவில் இருக்கும் பைரெத்ரினைப் பார்த்து மனிதர் செய்தது. மாட்டுக்கான டெல்டாமெத்ரினை வாங்கி, அளவு பார்க்காமல் வாளித் தண்ணீரில் ஊற்றி நாய்க்குட்டியை முக்குவது நம் ஊரில் நடக்கும் பெரிய கொடுமை. இவை எல்லாம் சொல்வது, எடைக்கு ஏற்ற அளவும் இனத்துக்கு ஏற்ற மருந்தும் வேண்டும் என்பதை. செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. மாத்திரையின் தீமை நமக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம், அதைக் கணக்கெடுக்க யாரோ கடமைப்பட்டிருந்தார்கள் என்பதுதான். பச்சைக் குப்பிக்கு அப்படிக் கணக்கெடுக்க ஆளில்லை.

எதற்காக இவ்வளவு பேச வேண்டும்? அரிப்புக்காக என்றால் பேசியிருக்க மாட்டேன். உண்ணிக் காய்ச்சலுக்காகப் பேசுகிறேன். எர்லிக்கியா என்ற கிருமி நாயின் வெள்ளணுவுக்குள் வாழ்கிறது, தட்டணுக்கள் சரிகின்றன. உண்ணி ஒட்டிய மூன்று மணி நேரத்துக்குள்ளேயே அது நாய்க்குப் பரவியதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். காய்ச்சல் வந்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, நாய் எழுந்துவிடும். மாதங்கள் கழித்து ஒருநாள் மூக்கில் இரத்தம் வடியும். அப்போது எவர் மனத்திலும் உண்ணி இருக்காது. 1960களின் இறுதியில் வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இந்த நோயால்.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் எந்த மருந்தும் இல்லாமல்தானே வளர்ந்தன என்று கேட்கிறவர்களுக்கு: சென்னையில் ஒரு நாய்க்கு இந்த நோய் இருந்தது 1944லேயே பதிவாகிவிட்டது. கிராமத்தில் நாம் பார்ப்பது பிழைத்து வளர்ந்த நாய்களை. காமாலை கண்டது, சோகை பிடித்தது, மூக்கில் இரத்தம் வந்து செத்தது என்று புதைத்த குட்டிகளை எவர் எண்ணினார்? நாய்க்கு மட்டும் வரும் கேடும் அல்ல இது. இந்திய உண்ணி டைபஸ் என்னும் காய்ச்சலை மனிதருக்குக் கொண்டுவருவதும் இதே பழுப்பு உண்ணிதான்.

மாத்திரையும் உண்ணியை அண்டவிடாமல் செய்வதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். உண்ணி ஏறும், கடிக்கும். கடித்தபின் இரத்தத்தில் இருக்கும் மருந்து அதன் நரம்பை முடக்கி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கொல்லும். ஆகவே நோய் வர வாய்ப்பே இல்லை என்று எந்த நல்ல மருத்துவரும் உறுதி தரமாட்டார். ஆனால் அந்த நாயிலிருந்து விழும் உண்ணி செத்து விழுகிறது. சுவரேறி முட்டையிடுவதில்லை. தவறாமல் கொடுத்தால் சில மாதத்தில் அந்த வீட்டின் உண்ணிக் குடியே அழிந்துபோகிறது. ஏறும்போதே விரட்டும் குணமும் வேண்டுமென்றால் ஃப்ளூமெத்ரின் கலந்த காலர் உண்டு. பெர்மெத்ரின் சொட்டும் உண்டு, பூனை இல்லாத வீடாக இருந்தால்.

மருந்தில்லாமல் செய்யக்கூடிய, உண்மையிலேயே பலன் தரும் வேலைகளும் இருக்கின்றன. அவற்றைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. தினமும் பேன்சீப்பால் சீவுவது. உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுவது. படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைப்பது. நாய் படுக்கும் இடத்துச் சுவர் விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசுவது. தெள்ளுப்பூச்சிக்கும் இதுவே. நாயின் மேல் தெரிபவை மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரை இடுக்கில், பாயில், சோபாவில் கிடக்கின்றன. பிறந்து சில வாரமே ஆன, மாத்திரை கொடுக்கக் கூடாத குட்டிகளுக்குச் சீப்பும் சுத்தமும்தான் வழி. கூடவே மருத்துவரைக் கேட்டுத் தாய்க்கு மருந்து.

நல்ல மாத்திரை விலை அதிகம். கூலி வேலை செய்து நாய் வளர்க்கிறவரிடம் போய் இதை வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வேப்பெண்ணெயை நாடுவது அறியாமையால் மட்டும் அல்ல. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அரசு முகாம்களில் இலவசமாகப் போடுகிறோம். உண்ணி மருந்தையும் எடை பார்த்து, அளவு சொல்லி, அரசு கால்நடை மருந்தகத்திலேயே குறைந்த விலைக்குத் தர வேண்டும். பச்சைக் குப்பியை விற்கிறவர்கள் எத்தனை நாய்களில், எத்தனை நாள், எந்த உண்ணிக்கு எதிராகச் சோதித்தார்கள் என்பதைக் குப்பியின் மேலேயே அச்சடிக்கச் சட்டம் வேண்டும். சோதிக்கவில்லை என்றால் அதையும் அச்சடிக்கட்டும்.