மருந்துக்கு முன் தண்ணீர்!

தொட்டி மீனின் உடலில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மையாக ஏதேனும் வளர்ந்தால் உடனே மருந்து வாங்க ஓடுகிறீர்கள் அல்லவா? சற்றுப் பொறுங்கள்.

அது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூசணம். அதன் நுண்வித்துக்கள் நல்ல தண்ணீரிலும் உண்டு. நலமான மீனைத் தோலின் மேலுள்ள வழுவழுப்பான கோழைப் படலம் காக்கிறது. காயம், குளிர், நெரிசல், அழுகிய தீனி ஆகியவற்றால் மீன் நலிந்தால்தான் பூசணம் பற்றுகிறது.

ஆகவே நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்தில், லிட்டருக்கு 1 கிராம் உப்புக் கரைத்த நீரில் விடுங்கள். தொட்டியில் மிஞ்சிய தீனியை அகற்றி, கால் பங்கு நீரை மாற்றுங்கள். மாலகைட் பச்சை பூசணத்தைக் கொல்லும். அளவு மிஞ்சினால் மீனையும் கொல்லும். தொட்டியைத் திருத்தாமல் மருந்து ஊற்றுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றதே!