பெட்டி இங்கே, சாவி எங்கே?

டி.வி. நிகழ்ச்சிகளைத் தானே பதிவு செய்து வைக்கும் பெட்டியை வீட்டிலேயே கட்டுவது பெங்களூர்க்காரர்களுக்குப் பெரிய வித்தையல்ல. ஈஜிபுராவில் குடியிருக்கும் சாஃப்ட்வேர் ஆசாமி ஒருவருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஐசக் ரிச்சர்ட்ஸ் 2002-இல் தொடங்கிய மித்டிவி லினக்ஸில் ஓடுகிறது, காசு கேட்பதில்லை. உதிரி பாகங்களுக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது. ஆனால் எந்தப் பாகத்தை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவர் கையில் இல்லை. அது கேபிள்காரரிடமும் டி.டி.எச். கம்பெனியிடமும் போய்விட்டது.

2006 வாக்கில் நிலைமை வேறு. சுவரிலிருந்து வரும் கேபிள் ஒயரை டியூனர் கார்டில் செருகினால் எல்லாச் சேனலும் வந்து விழுந்தன. அன்றைய கவலையெல்லாம் படத்தைச் சுருக்குவதுதான். 720-க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள் என்ற கணக்கில், சுருக்காமல் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜி.பி. ஆகும். ஹாப்பாஜ் கம்பெனியின் பிவிஆர்-150 போன்ற கார்டுகளில் இதற்கென்றே ஒரு சிப் இருந்தது. விநாடிக்கு 5 மெகாபிட்டாக அது சுருக்கித் தந்தால் அதே ஒரு மணி நேரம் 2.25 ஜி.பி.யில் அடங்கிவிடும். அதை இயக்கும் டிரைவர் 2007-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஒரே குறை, ஒரு கார்டுக்கு ஒரு சேனல். கிரிக்கெட்டும் சீரியலும் ஒரே நேரத்தில் வந்தால் குடும்ப அமைதிக்காக இரண்டாவது கார்டு வாங்க வேண்டியிருந்தது.

கேபிள் டி.வி. சட்டம் 2011-இல் திருத்தப்பட்டது. டிஜிட்டலுக்கு மாற பெங்களூருக்குக் கொடுக்கப்பட்ட கெடு 2013 மார்ச் 31. அதன் பிறகு ஒயரில் வருவது பூட்டிய சிக்னல், சாவி செட்டாப் பாக்ஸுக்குள். பதிவுப் பெட்டி இனி பாக்ஸுக்குப் பின்னால்தான் உட்கார முடியும். பாக்ஸ் அவிழ்த்துத் தரும் படத்தை அனலாக் வழியாக வாங்கி மறுபடி டிஜிட்டலாக்க வேண்டும். சேனல் மாற்ற, ரிமோட்டைப் போல் நடிக்கும் ஒரு இன்ஃப்ராரெட் விளக்கை பாக்ஸின் முகத்தில் ஒட்ட வேண்டும். தெளிவான படம் வரும் எச்.டி.எம்.ஐ. வழியில் இன்னொரு பூட்டு. போதாக்குறைக்கு, அந்தப் பழைய கார்டைச் செருகும் பி.சி.ஐ. துளை புதிய மதர்போர்டுகள் பலவற்றில் கிடையாது.

கம்பெனிகளே பதிவுப் பெட்டி தராமலில்லை. இன்று டாடா ப்ளே ஆகிவிட்ட டாடா ஸ்கை, 2008-இலேயே ஒன்றைக் கொண்டுவந்தது. பதிவு செய்யும், ஆனால் பதிந்ததை வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போக விடாது. இந்த வழக்கத்துக்கு முன்னோடி, 1999-இல் அமெரிக்காவில் வந்த டிவோ. வேடிக்கை என்னவென்றால் டிவோவுக்குள் ஓடியதும் லினக்ஸ்தான். சாஃப்ட்வேரை வாங்கியவர் மாற்றலாம், மாற்றினால் பெட்டி ஓட மறுக்கும். இந்தத் தந்திரத்துக்கு முட்டுக்கட்டை போடவே 2007-இல் ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் தனி விதி சேர்த்தார்கள். லினக்ஸ் கெர்னல் அந்தப் பதிப்புக்கு மாறவில்லை.

சட்டமும் இரண்டு பக்கம் பார்க்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. 2012-இல் நுழைந்த 65-ஏ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. சீரியலைப் பிறகு பார்க்க நினைப்பவருக்கு அந்த நோக்கம் இல்லைதான். ஆனால் அதை நிரூபிக்க எந்தக் குடித்தனக்காரர் கோர்ட் ஏறுவார்?

மிச்சமிருக்கும் திறந்த ஜன்னல் தூர்தர்ஷனுடையது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கிய ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமில்லை. 2024-இல் பொதிகை என்ற பெயரை உதறிய டிடி தமிழும், கன்னடத்துச் சந்தனாவும் அதில் உண்டு. செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. பெங்களூரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, ஏறக்குறைய 65 டிகிரி உயரத்தில். மாடி மேல் மாடி நெருக்கும் ஈஜிபுராத் தெருக்களுக்கு இது வசதி, எதிர் வீட்டுச் சுவர் அவ்வளவாக மறைக்காது. வேண்டியது ஒரு டிவிபி-எஸ்2 டியூனர். சுருக்கும் வேலையை ஒளிபரப்புபவரே முடித்து அனுப்புவதால் கம்ப்யூட்டர் வந்ததை அப்படியே டிஸ்க்கில் எழுதினால் போதும். ஒரே டிரான்ஸ்பாண்டரில் வரும் பல சேனல்களை ஒரே டியூனரில் ஒருசேரப் பதியலாம். விநாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜி.பி., 500 ஜி.பி. டிஸ்க்கில் சுமார் 275 மணி நேரம்.

டியூனர் வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்பிவிடக் கூடாது. அதே பெயரில் உள்ளே வேறு சிப் வைத்து விற்பதுண்டு, லினக்ஸுக்குச் சிப்பின் பெயர்தான் முக்கியம். நம் சேனல்கள் கடிகாரத்தை மதிப்பதில்லை என்பதால் பதிவை ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கிப் பத்து நிமிடம் பிந்தி நிறுத்தச் சொல்லிவைப்பது நல்லது. கூடவே ஒரு சின்ன யு.பி.எஸ். பெஸ்காமின் மின்சாரம் எந்த உச்சக்கட்டக் காட்சிக்காகவும் காத்திருப்பதில்லை.