தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்த வாரம்

போன மாதம் ஒரு நேயர் புலனத்தில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். "தங்கச்சி, ஒரு வாரமா உங்க குரல் ஒரு மாதிரியா இருக்கே, உடம்புக்கு முடியலையா?" என்று அக்கறையாகக் கேட்டிருந்தார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை அண்ணே. வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அது இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால் நானும் நான்கு முறை எழ வேண்டும். காலை நிகழ்ச்சி செய்கிறவளுக்கு அலாரம் 4 மணிக்கு. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரவுனிக்கு 11 வயது, எடை 14 கிலோ. என் தம்பி ஒரு மழை நாளில் பாசார் மாலாம் பக்கத்துக் கால்வாயோரத்திலிருந்து தூக்கி வந்த குட்டி. தம்பி இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறான். நாய் எனக்கு வந்து சேர்ந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில்தான் கவனித்தேன். சாயங்காலம் 7.30க்குச் சாப்பிடுவாள். அடுத்து தண்ணீர்க் கிண்ணத்தில் தலையை விட்டால் நிமிர மாட்டாள். சளப், சளப் என்ற சத்தம் டிவி நாடகத்தையும் தாண்டிக் கேட்கும். கிண்ணம் காலியானதும் என் முகத்தைப் பார்ப்பாள். மறுபடியும் நிரப்புவேன். அப்புறம் 11 மணிக்கு ஒரு முறை, 1 மணிக்கு, 2.30க்கு, 4க்கு என்று என் அறைக் கதவைச் சுரண்டுவாள். எழுந்து கேட்டைத் திறக்கக் கொஞ்சம் தாமதித்தாலும் போச்சு. ஒரு நாள் சாமி அறை வாசலிலேயே குளம் கட்டிவிட்டது.

அம்மா அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணி வைக்காதே. சின்னப் பிள்ளையில உனக்கும் தம்பிக்கும் நான் அப்படித்தான் செஞ்சேன்."

நான் மறுக்கவில்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள், எத்தனையோ மருத்துவர்களை நிலையத்துக்கு அழைத்துப் பேட்டி எடுத்தவள். ஆனாலும் எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. 6 மணிக்குக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

முதல் இரவு இரண்டே முறை. வெற்றி என்று நினைத்தேன். மூன்றாம் இரவு, கதவு சுரண்டும் சத்தம் இல்லாமலே 2.30க்கு விழிப்பு வந்தது. குளியலறைப் பக்கம் ஏதோ சத்தம். விளக்கைப் போட்டேன். பிரவுனி ஈரத் தரையை நக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றி, மூலையில் கவிழ்ந்திருந்த வாளிக்கு அடியில், எங்கெல்லாம் ஈரமோ அங்கெல்லாம். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, திருட்டுத்தனம் பிடிபட்டது போல வாலை லேசாக ஆட்டினாள்.

அலமாரிக்கு மேலிருந்து கிண்ணத்தை எடுத்து நிரப்பி வைத்தேன். அவள் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பூந்தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகள் இரண்டு நாளாகக் காய்ந்து கிடந்ததற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஏடிஸ் கொசுவுக்குப் பயந்து அம்மா கொட்டிவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குது?"

"நிறைய, டாக்டர்."

"நிறையன்னா எவ்வளவு?"

தெரியாது. கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்கத் தெரிந்தவளுக்கு அதில் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியவில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை மனதில் நிற்கிறது. நாங்கள் பிரச்சினையைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் நிறையக் குடிப்பதால் சிறுநீர் நிறையப் போகிறது என்று நினைத்தோம். நோயுள்ள நாய்களில் பெரும்பாலும் அது நேர்மாறு. உடம்பு சிறுநீரை நிறுத்தி வைக்க முடியாமல் விட்டுக்கொண்டே இருக்கிறது, போனதை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. "தொட்டியில ஓட்டை. நீங்க நிரப்புற பைப்பை அடைச்சிட்டீங்க" என்றார். சில நாய்கள் வெறும் பழக்கத்தில் குடிப்பதும் உண்டாம். ஆனால் மற்ற எல்லாவற்றையும் சோதித்து ஒதுக்கிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். அதுவரை தண்ணீரைத் தடுக்கவே கூடாது. சிறுநீரை அடர்த்தியாக்க முடியாத நாய்க்கு ஓர் இரவு தண்ணீர் இல்லையென்றாலே உடம்பு வற்றிவிடும்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் தலைமாட்டில் இரண்டு வருடம் ஒரு பெரிய பாட்டில் இருந்தது. இரவில் நான்கைந்து முறை கழிவறைக்குப் போவார். வயதாகிவிட்டது என்றோம், வெயில் என்றோம். அம்மா அவருடைய இரவுத் தே தாரிக்கை நிறுத்திப் பார்த்தார். காலில் ஒரு புண் ஆறாமல் போனபோதுதான் இனிப்புநீர் என்று தெரிந்தது. அதற்குள் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று வீட்டில் யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும்தான்.

சரி, அளக்கும் வழிக்கு வருகிறேன். சுலபம்தான். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் ஒன்று போதும். காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அந்தப் பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள். நிரப்பும்போதெல்லாம் அதனாலேயே நிரப்புங்கள். மறுநாள் அதே நேரத்தில் கிண்ணத்தில் மீந்ததைக் கழித்துவிடுங்கள். மூன்று நாள் எழுதினால் உருப்படியான கணக்கு கிடைக்கும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பூந்தொட்டித் தட்டையும் குளியலறைக் கதவையும் மறந்துவிடாதீர்கள்.

நல்ல ஆரோக்கியமான நாய் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லிலிட்டர் குடிக்கும். வெயிலிலும் ஓட்டத்திலும் கொஞ்சம் கூடும். 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் அது நோய்க்கான அறிகுறி. 14 கிலோ பிரவுனிக்கு எல்லைக்கோடு 1,400. அவளுடைய மூன்று நாள் கணக்கு 1,650, 1,800, 1,700.

அளந்தாயிற்று, அடுத்து சிறுநீர் மாதிரி. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர்தான் வேண்டும் என்றார் டாக்டர். அதிகாலை 4.15க்கு நைட்டியோடு, கையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா மூடியோடு, நாயின் பின்னால் குனிந்தபடி நடந்தேன். தாமானில் அந்த நேரத்தில் விழித்திருந்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ. பெட்டை நாய் தாழ்ந்து உட்காரும் என்பதால் கிண்ணம் உதவாது, தட்டையான மூடிதான் சரி. பிடித்ததைச் சுத்தமான புட்டியில் ஊற்றி, கிளினிக் திறக்கிறவரை குளிர்பெட்டியில் வைத்தேன். தோசை மாவுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்த அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது.

முடிவு வந்தது. சிறுநீரில் சர்க்கரை இல்லை. ஆனால் அது கிட்டத்தட்ட தண்ணீர் போல இருந்தது. இரவெல்லாம் தூங்கி எழுந்த நாயின் சிறுநீர் அடர்த்தியாக இருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. சிறுநீரகம். அது மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகுதான் சிறுநீர் இப்படி நீர்த்துப்போகத் தொடங்குமாம். கிண்ணம் இரண்டாம் முறை காலியானபோதே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. போன சிறுநீரகம் திரும்பி வராது. மிச்சத்தை மெதுவாக, பதமாகப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். எத்தனை நாள் என்று கேட்டேன். டாக்டர் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்போம் என்றார்.

உங்கள் நாய்க்கும் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். இதே தாகம் நீரிழிவாலும் வரும், கல்லீரல் கோளாறாலும் வரும். வயிறு தொங்கி, முடி கொட்டி, ஓயாமல் பசித்தால் அது குஷிங் என்ற ஹார்மோன் நோயாக இருக்கலாம். நம் ஊரில் எலிக்காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும் என்பதால் நாயின் சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை நல்லது. கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என்னோடு வேலை செய்யும் அறிவிப்பாளர் ஒருவரின் பக் நாய்க்கோ காரணம் வேறு. அரிப்புக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைதான் அத்தனை தாகத்துக்கும் காரணம். மருத்துவரைக் கேட்டு இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினார், இரவு நடமாட்டம் குறைந்தது. அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து.

பிரவுனி குடித்த மொத்த அளவுக்குச் சிறுநீரகம் காரணம். ஆனால் அதையெல்லாம் சாயங்காலத்தில் குடித்ததற்கு நாங்கள்தான் காரணம். பகலில் அவள் இருப்பது முன்வாசலில். அங்கே வைத்த கிண்ணம் பத்து மணிக்கெல்லாம் வெயிலில் சுட்டுவிடும், அவள் அதைத் தொட மாட்டாள். அந்தத் தாகத்தோடு உள்ளே வந்தால் 7.30க்கு உலர்ந்த பிஸ்கட் சாப்பாடு. அதற்கு மேல் அம்மா ஆசையாகப் போடும் நெத்திலி. பிறகு ஏன் குடிக்க மாட்டாள்?

இப்போது கிண்ணங்கள் மூன்று. வாசல் கிண்ணம் நிழலுக்குப் போய்விட்டது, மதியம் அம்மா தண்ணீர் மாற்றுகிறார். சாயங்காலச் சாப்பாடு 5.30க்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த சிறுநீரக உணவு, அதிலும் வெந்நீர் ஊற்றி ஊற வைத்து. அதன் விலையைக் கேட்டு அம்மா, "இதுக்கு நம்ம மூணு பேரும் சாப்பிடலாம்" என்றார். நெத்திலி நின்றுவிட்டது. தீபாவளிக்குக் கேசரியும் கிடையாது, ஏனென்றால் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. இரவு 10.30க்குக் கயிறு கட்டி வெளியே கூட்டிப் போகிறேன், ஒரு முறை கழித்ததும் திரும்பாமல் இன்னும் ஐந்து நிமிடம் நடக்கிறேன். இரண்டாவது தவணை பெரும்பாலும் அப்போதுதான் வரும். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய நாளிதழ். ஆம், இந்த நாளிதழ்தான். ஆசிரியர் மன்னிக்க வேண்டும். என் பத்தி வந்த பக்கத்தை மட்டும் அம்மா தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்.

தண்ணீர் இரவு முழுவதும் இருக்கிறது. நான்கு முறை எழுந்தவள் இப்போது இரண்டு முறை எழுகிறாள். 1 மணிக்கு ஒன்று, 4 மணிக்கு ஒன்று. நாலு மணிக்கு நான் எப்படியும் எழ வேண்டியவள்தானே.

போன வியாழன் 1 மணிக்கு அவளோடு எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மா நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமையும் அப்படித்தான் பார்த்தேன். "ராத்திரியில எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"என்னையும் பாட்டில்ல அளக்கப் போறியா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன்.